வைக்கோல் உக்கவில்லையா? சலத்தைப் பயன்படுத்துங்கள்: வீட்டுத்தோட்டக் கேள்வி–பதில்

வேளாண்மை வெட்டிய பிறகு கிடைத்த வைக்கோலையும் சருகையும் வளவு மூலையில் குவித்து மூன்று மாதமாகிறது. மேலே வெளுத்ததே தவிர உக்கவில்லை. சலம் (சிறுநீர்) ஊற்றினால் கெதியாக உக்கும் என்கிறார்கள். உண்மையா? எவ்வளவு ஊற்ற வேண்டும்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

உண்மைதான். உங்கள் குவியலில் இல்லாதவை இரண்டு: நைதரசன், ஈரம். சலத்தில் இரண்டுமே உண்டு.

உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு நைதரசன் ஒரு பங்கென்றால் காபன் 25 முதல் 30 பங்கு வரை இருக்க வேண்டும். வைக்கோலில் காபன் ஏறத்தாழ 80 பங்கு. அதனால்தான் அது அப்படியே கிடக்கிறது. சுகதேகியான ஒருவரின் சலத்தில் லீற்றருக்கு 3 முதல் 7 கிராம் வரை நைதரசன் இருக்கிறது. அதில் பெரும்பகுதி யூரியா. கடையில் பையில் விற்கிற அதே யூரியாதான்.

காய்ந்த வைக்கோல் 10 கிலோவுக்கு 10 முதல் 12 லீற்றர் சலம் தேவை. கிளிரிசீடியா இலை கிடைத்தால் வைக்கோலின் எடைக்குச் சமமாகப் பச்சையாகச் சேருங்கள். சலம் பாதி போதும். ஒருவர் ஒரு நாளில் கழிப்பது ஒன்று, ஒன்றரை லீற்றர் என்பதால் நாலு பேர் உள்ள வீட்டில் சில நாட்களில் சேர்ந்துவிடும்.

பழைய குவியலைப் பிரித்துப் புதிதாக அடுக்குங்கள். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம் வேண்டும். இதைவிடச் சிறிதானால் சூடு பிடிக்காது. அடியில் பொச்சுமட்டையையும் சுள்ளியையும் பரப்பினால் காற்று உள்ளே போகும். அதன் மேல் அரை அடி வைக்கோல், இரண்டு அங்குலம் பச்சை இலை, ஒரு கை பழைய பசளை அல்லது தோட்டத்து மேல்மண். ஒவ்வொரு அடுக்குக்கும் சலத்தைச் சம அளவு தண்ணீரில் கலந்து பூவாளியால் தெளியுங்கள். வைக்கோலின் மேல்பக்கம் மெழுகுபோல் வழுக்கும். ஒரேயடியாக ஊற்றினால் ஒட்டாமல் அடியில் வடிந்து மணலோடு போய்விடும். ஆகவே மொத்தத்தில் பாதியை அடுக்கும்போது சேர்த்துவிட்டு, மீதியைப் புரட்டும்போது கொடுங்கள். கடைசி அடுக்கு எப்போதும் காய்ந்த சருகாக இருக்கட்டும்.

மூன்று, நாலு நாளில் நடுவில் ஒரு கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. நல்ல குவியல் 55 முதல் 65 பாகை வரை ஏறும். சூடு இல்லையென்றால் உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டொரு துளி கசிந்தால் ஈரம் சரி. ஒன்றும் வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். ஒழுகினால் காற்றுக்கு இடமில்லை. பிரித்துக் காய்ந்த வைக்கோல் சேருங்கள். இரண்டு வாரத்தில் சூடு இறங்கியதும் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டுங்கள். கச்சான் வீசுகிற மாதங்களில் ஓரங்கள் ஒரே நாளில் காய்ந்துவிடும்; கிடுகு போட்டு மூடுங்கள். மாரியில் மேலே பொலித்தீனும் வேண்டும், இல்லாவிட்டால் மழை நைதரசனைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

எங்கள் வளவு சிறியது, மதிலுக்கு அடுத்த பக்கம் பக்கத்து வீட்டுக் குசினி. மணம் வராமல் செய்ய வழி உண்டா?
– வாசகர், காத்தான்குடி

உண்டு. புதிய சலத்தில் மணம் குறைவு. மூக்கைத் துளைப்பது, யூரியா உடைந்து வரும் அமோனியா. எங்கள் வெயிலில் அது சில நாட்களிலேயே தொடங்கிவிடும். ஆகவே அன்றன்று சேர்வதை அன்றே ஊற்றுங்கள். சேர்த்துவைக்க வேண்டியிருந்தால் இறுக்கமான மூடியுள்ள ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கானைக் கழுத்துவரை நிரப்பி நிழலில் வையுங்கள். தகரமும் இரும்பும் அரித்துப்போகும். அடியில் படியும் வெள்ளை மண்டியைக் கொட்டிவிடாதீர்கள், அதில் பொசுபரசு இருக்கிறது, குலுக்கி ஊற்றுங்கள்.

குவியலின் மேல்பரப்பில் ஊற்றவே கூடாது. கம்பால் ஒரு முழ ஆழத்துக்குத் துளை போட்டு, அதற்குள் ஊற்றி, மேலே நாலு விரல் கனத்துக்குச் சருகு போடுங்கள். அதன் பிறகும் மணம் எழுந்தால் சலம் கூடிவிட்டது, காய்ந்த பொருள் போதவில்லை என்று அர்த்தம். மணம் வருகிறதென்றால் உங்கள் பயிருக்குச் சேரவேண்டிய நைதரசன் காற்றில் போகிறது. தும்புத் தூள் கிடைத்தால் மூடுவதற்கு நல்லது. ஆனால் அது மெல்லத்தான் உக்கும், குவியல் முழுவதையும் அதால் நிரப்பாதீர்கள்.

அடுப்புச் சாம்பலையும் சேர்த்துப் போடலாமா?
– வாசகி, செங்கலடி

ஒன்றாக வேண்டாம். சாம்பலும் சுண்ணாம்பும் காரம். சலத்தில் பட்டால் அமோனியா உடனே கிளம்பும். சாம்பலை வாழையடிக்குத் தனியே தூவுங்கள்.

சலத்தை நேரே கொச்சிக்காய்க் கன்றுக்கு ஊற்றினேன். இலை ஓரம் கருகிவிட்டது. எங்கள் நிலம் கடற்கரை மணல், கிணற்று நீரும் சற்று உவர்.
– வாசகர், அக்கரைப்பற்று

கருக்கியதில் உப்புக்கும் பங்குண்டு. நாம் உண்ணும் உப்பில் பெரும்பகுதி சலத்தோடுதான் வெளியேறுகிறது. உவர் நீர் பாய்ச்சும் நிலத்தில் அது மேலும் சேரும். கருகிய கன்றுகளுக்குக் கிடைக்கிற நல்ல தண்ணீரை இரண்டு மூன்று முறை தாராளமாக ஊற்றி வேரடியைக் கழுவுங்கள். இனி நேரே ஊற்றுவதானால் ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து, இலையில் படாமல், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, பின்னேரத்தில் ஊற்றுங்கள். பயிற்றை, போஞ்சிக்கு அதுவும் வேண்டாம். தென்னை நன்றாகத் தாங்கும். உங்கள் மணலுக்கு நான் சொல்வது, நேரே ஊற்றுவதை விட்டுவிட்டுப் பசளையாக்கிப் போடுங்கள் என்பதுதான். மாரி மழையில் கோடை உப்புக் கரைந்த பிறகு போட்டால் இன்னும் நல்லது.

கிணற்றையும் நினைவில் வையுங்கள். கரையோர மணலில் நிலத்தடி நீர் ஆழமில்லை. வடிகிற நைதரசன் நைத்திரேற்றாகி அதில் கலக்கும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளைத்தான் அது முதலில் பாதிக்கும். குவியலைக் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி வையுங்கள்.

நோய் தொற்றாதா? அந்தப் பசளையில் வளர்ந்த வல்லாரையில் சம்பல் போடலாமா?
– வாசகி, கல்முனை

வீட்டாரின் சலத்தை வீட்டுத் தேவைக்கே பயன்படுத்துவதில் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் எலிக்காய்ச்சலும் நெருப்புக்காய்ச்சலும் சலத்தின் வழியே பரவக்கூடியவை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல், சலக்கடுப்பு என்றால், குணமாகும்வரை அவருடையதைச் சேர்க்காதீர்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோ புற்றுநோய் மருந்தோ எடுப்பவருடையதும் வேண்டாம். நீரிழிவுக்காரரின் சலத்தில் உள்ள சீனி பசளையைக் கெடுக்காது, எறும்புதான் வரும்.

சலத்தை நேரே ஊற்றும் பாத்தியில் கடைசியாக ஊற்றியதற்கும் அறுவடைக்கும் இடையில் ஒரு மாதம் விடுங்கள். வல்லாரை போலப் பச்சையாகச் சாப்பிடுகிற கீரைக்கு நேரே ஊற்றவே வேண்டாம். சூடேறி, முழுதாக உக்கி, மண்மணம் வந்த பசளை மட்டும் போடுங்கள். வேலைக்கு றப்பர் கையுறை போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் குவியலைத் தொடாதீர்கள்.

மாட்டுச் சலமும் இதற்கு உதவுமா?
– வாசகர், வவுணதீவு

நன்றாக உதவும், அதில் பொற்றாசியமும் கூட. பட்டியில் மாடு படுக்கும் இடத்தில் வைக்கோலைப் பரப்பிவிட்டால் அதுவே ஊறிவிடும். வாரம் ஒருமுறை அள்ளிக் குவியலில் சேருங்கள். மாட்டுக்கும் எலிக்காய்ச்சல் கிருமி தொற்றும் என்பதால் சப்பாத்தும் கையுறையும் இல்லாமல் அள்ளாதீர்கள்.