உப்புவெளிக் கரையில் வீச 40,000 ரூபாய் தூண்டில் செட் தேவையா?

வார இறுதியில் மட்டும் திருகோணமலை உப்புவெளியில் தூண்டில் போடுகிறீர்கள், மலிவு செட்டின் ரீல் (நூல் சுற்றும் கருவி) இரண்டு மாதத்தில் இறுகிவிட்டது, இனி 40,000க்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பழையதைப் பாருங்கோ. நூல் இல்லாமல் கைப்பிடி லேசாகச் சுற்றி, நூலை இழுக்கும்போது மட்டும் சிக்கினால், பழுது நூல் உருளும் சின்ன ரோலரில். அதன் ஸ்க்ரூவைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகும். நூல் இல்லாமலே கரகரத்தால் உள்ளே கியரில் உப்பும் மணலும் போயிருக்கும். மலிவு ரீலுக்கு அதைத் திருத்தும் செலவு வீண்.

புதிதென்றால் காசில் பெரும்பங்கை ரீலுக்குப் போடுங்கோ. 9 அடித் தடி நடுத்தர விலையில் போதும். தடியின் வளையங்களுக்குள் பஞ்சை இழுத்துப் பாருங்கோ, இழை பிடித்தால் வெடிப்பு, பிரெய்ட் (பின்னல்) நூலை அறுத்துவிடும். ரீல் 4000 சைஸ். பேரிங் (சுழல உதவும் குண்டு வளையம்) எண்ணிக்கையைக் கடைக்காரர் பெருமையாகச் சொல்வார், அதற்கு மயங்காதேங்கோ. டிராக்குக்கு, அதாவது மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்குக்கு, தண்ணீர் புகாத சீல் இருக்கிறதா என்று கேளுங்கோ. 20 இறாத்தல் தாங்கும் நூலுக்கு டிராக்கை 5 இறாத்தலில் வைத்தால் போதும், பாரை மீன் இழுத்தாலும் தாங்கும்.

கழுவும் முறை பிழைத்தால் விலை கூடியதும் இறுகும். பைப்பைப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி, துடைத்து, நிழலில் காயவிட்டு, பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கோ. வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து ரீல் சும்மா கிடக்கும் மாதங்களிலும் அப்படித்தான்.