கடல் நுண்ணுயிர்களின் நைட்ரஜன் போட்டி: கேட்டதும் சொன்னதும்

கே: காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். கடல்நீரிலும் அது கரைந்திருக்கிறது. அப்புறம் எதற்குத் தட்டுப்பாடு?

கரைந்திருப்பது வாயு. இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பில் இறுகிக் கிடக்கின்றன. அதைப் பிரிக்க நைட்ரோஜினேஸ் என்ற நொதி வேண்டும், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் குறைந்தது 16 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவாகும், நொதியைக் கட்ட இரும்பு வேறு வேண்டும், போதாக்குறைக்கு ஆக்சிஜன் பட்டால் அது கெட்டுப்போகும். அதனால் பெரும்பாலான உயிர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. அம்மோனியம், நைட்ரேட், யூரியா, இவற்றுக்குத்தான் அடிதடி. "கடலில் நைட்ரஜன் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், "எந்த வடிவில்" என்று கேளுங்கள்.

கே: போட்டியில் ஜெயிப்பது யார்?

சத்து வறண்ட நடுக்கடலில் புரோகுளோரோகாக்கஸ் என்ற, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. குறுக்களவு சுமார் 0.6 மைக்ரோமீட்டர்தான். உடல் சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருக்கும் சரக்கோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு கூடும், அதாவது கிடைக்கும் துளி அம்மோனியத்தையும் பிடித்துவிடலாம். இதன் பல ரகங்களில் நைட்ரேட்டை எடுக்கும் மரபணுக்களே இல்லை. நைட்ரேட்டை அம்மோனியமாக்க 8 எலக்ட்ரான் செலவாகும் என்பதை நினைத்தால் ஆச்சரியமில்லை. ஆனால் ஆழத்து நீர் மேலே ஏறி நைட்ரேட் வெள்ளமாக வந்தால் கதையே மாறும். டயாட்டம்கள் என்ற ஒற்றைச்செல் பாசிகள் அதை அள்ளி செல்லுக்குள் இருக்கும் வெற்றிடப்பையில் பதுக்கிக்கொண்டு வேகமாகப் பெருகும்.

கே: என் மீன்தொட்டியில் அம்மோனியா ஏறுகிறது, என்ன பாக்டீரியா ஊற்றலாம்?

தொட்டி வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். நான் பார்ப்பது திறந்த கடல்.

கே: காற்றில்தான் இவ்வளவு நைட்ரஜன் இருக்கிறதே?

முதல் பதிலைப் படியுங்கள்.

கே: ஆக்சிஜன் ஆகாது என்றால் ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா எப்படிச் சமாளிக்கிறது?

நல்ல கேள்வி. குரோகோஸ்ஃபேரா பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் நைட்ரஜன் என்று நேரம் பிரித்துக்கொள்கிறது. டிரைக்கோடெஸ்மியம் இரண்டையும் பகலிலேயே செய்கிறது. அதை வாளியில் மொண்டு பார்த்தால் மரத்தூள் தூவியது போலப் பழுப்பாக மிதக்கும், கிட்டப் பார்த்தால் ஒவ்வொரு தூளும் நூலிழைகளின் கட்டு. இன்னொன்று, யூசின்-ஏ, ஆக்சிஜன் உண்டாக்கும் பகுதியையே தொலைத்துவிட்டு ஒரு பாசிக்குள் குடியேறிவிட்டது. 2024-இல் அதை நைட்ரோபிளாஸ்ட் என்ற செல் உறுப்பாகவே அறிவித்தார்கள்.

கே: "செல் உறுப்பு" என்பது மிகை. அது உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா, அவ்வளவுதான்.

ஒத்துக்கொள்ள மாட்டேன். பாசியின் மரபணுக்களிலிருந்து தயாரான புரதங்கள் அதற்குள் போகின்றன. பாசி பிரியும் நேரத்தோடு ஒத்துத்தான் அதுவும் பிரிகிறது. வெறும் குடித்தனக்காரர் வீட்டுக்காரரின் சமையலறையை நம்பிப் பிழைப்பதில்லை.

கே: அதற்குச் சொந்த மரபணுத்தொகுதி இன்னும் இருக்கிறதே? அப்படியானால் பாலினெல்லா என்ற அமீபாவுக்குள் குடியிருக்கும் சயனோபாக்டீரியாவும் உறுப்பா?

ஆமாம், அதையும் உறுப்பு என்றுதான் சொல்வேன். சொந்த மரபணு இருப்பது தடையாகாது, மைட்டோகாண்ட்ரியாவிலும் இருக்கிறது. புரதம் வெளியிலிருந்து வந்தாக வேண்டிய நிலை, அதுதான் என் கோடு. உங்கள் கோடு எங்கே என்று சொல்லுங்கள், பேசலாம்.

கே: காற்றிலுள்ள நைட்ரஜனை…

மூன்றாவது முறை. எந்த வடிவில்?

கே: நைட்ரேட் எல்லாம் கடைசியில் எங்கே போகிறது?

ஒரு பங்கு திரும்பவும் வாயுவாகிறது. அரபிக்கடலின் நடு ஆழம் போல ஆக்சிஜன் வற்றிய நீரில் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைச் சுவாசிக்கின்றன. வேறு சில, அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் சேர்த்தே வாயுவாக்கிவிடுகின்றன.