லேசர் சுட்டது கிருமியை அல்ல

கேள்வி: பல வருடம் அமெரிக்காவின் ஒஹாயோவில் இருந்தேன். 1992-ல் இடது கண்ணில் 'ஹிஸ்டோ' என்று சொல்லி லேசர் வைத்தார்கள். பார்வையின் நடுவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இருட்டுப் புள்ளி, அதற்கு மேல் தொந்தரவு இல்லை. இப்போது படிக்கும்போது ஓரிரு எழுத்து காணாமல் போகிறது. கிருமி திரும்பிவிட்டதா? மறுபடியும் லேசரா?

பதில்: கிருமி பயத்தை முதலில் விடுங்கள். ஹிஸ்டோபிளாஸ்மா என்பது பறவை, வௌவால் எச்சம் கலந்த மண்ணில் வளரும் பூஞ்சை. ஒஹாயோ, மிசிசிப்பி ஆற்றுப் பகுதிகளில் அது சர்வசாதாரணம். தூசியோடு மூச்சில் போய், சளிக்காய்ச்சல் மாதிரி வந்து, பெரும்பாலும் தெரியாமலே சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் விழித்திரைக்கு அடியில் குட்டிக் குட்டித் தழும்புகளை விட்டுவிட்டுப் போகும், பல வருடம் கழித்து அதன் விளிம்பில் புது ரத்தநாளம் முளைத்துக் கசியும்போதுதான் வம்பு. உங்களுக்குச் சுட்டது அந்த ரத்தநாளத்தை. (அதனால் பூஞ்சை மாத்திரை இதற்கு உதவாது.)

அன்று லேசர் வைத்தது சரிதான். 1979-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'மேக்குலர் ஃபோட்டோகோயாகுலேஷன்' என்ற லேசர் ஆய்வில் ஐந்து வருடம் பார்த்தபோது, சும்மா விட்ட கண்களைவிட லேசர் வைத்த கண்களில் பெரிய பார்வை இழப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனாலும் சுட்ட கண்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றில் ரத்தநாளம் திரும்ப முளைத்தது, அதுவும் பெரும்பாலும் பழைய தழும்பின் ஓரத்திலேயே.

உங்கள் எழுத்து மறைவதற்கு அதுவும் காரணமாகலாம், அல்லது லேசர் தழும்பே வருடக்கணக்கில் மெல்ல விரிந்து நடுப்பக்கம் வந்திருக்கலாம். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கோடு போட்ட நோட்டைப் பாருங்கள். கோடு வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் கசிவாக இருக்க வாய்ப்பு அதிகம். நேராகத் தெரிகிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், ஓசிடி ஸ்கேன் (விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் படம்) எடுக்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது. இந்த வாரமே போங்கள்.

கசிவு என்றால் இப்போது முதலில் கண்ணுக்குள் போடும் ஊசிதான். நடுவுக்குப் பக்கத்தில் யாரும் அவசரப்பட்டு லேசர் வைப்பதில்லை, சுட்ட இடத்தில் பார்வை போனது போனதுதான். வலது கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே மேக்குலாவில், அதாவது விழித்திரையின் நடுப்பகுதியில், தழும்பு இருந்தால் அந்தக் கண்ணுக்கும் இதே கதை வரலாம். அப்புறம், 1992-ல் எடுத்த கண் ஆஞ்சியோகிராம் (விழித்திரை ரத்தநாளப்) படம் பீரோவில் எங்காவது கிடந்தால் கையோடு எடுத்துப் போங்கள், தழும்பு எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.