நீக்கப்பட்ட பத்தியை மீண்டும் சேர்க்கலாமா?

கேள்வி: அண்மையில் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கி, நான் நெடுங்காலம் ஈடுபட்டிருக்கும் துறை பற்றிய கட்டுரையில் அரைப் பக்க அளவுக்கு விவரங்கள் சேர்த்தேன். சிறிது நேரத்திலேயே ஒருவர் 'சான்று இல்லை' என்று மட்டும் குறிப்பிட்டு அனைத்தையும் நீக்கிவிட்டார். நான் எழுதியது உண்மை. அதை மீண்டும் சேர்க்கலாமா?

பதில்: உடனே சேர்க்க வேண்டாம். நீங்கள் எழுதியது அழிந்துவிடவில்லை. கட்டுரையின் மேற்புறத்திலுள்ள 'வரலாறு' என்ற இணைப்பைத் திறந்தால், அதில் நடந்த திருத்தங்கள் அனைத்தும் செய்தவர் பெயரோடும் நேரத்தோடும் வரிசையாக இருக்கும். உங்கள் பத்தியும் அங்கே இருக்கும். எதையும் எளிதில் மீட்டுவிடலாம் என்பதால் அங்கே பழகியவர்கள் நீக்குவதைப் பெரிய செயலாகக் கருதுவதில்லை. புதியவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார் என்பதை நினைத்து இன்னும் ஒரு வரி விளக்கம் எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

எழுதுபவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்பதை அங்கே யாரும் சோதித்து அறிய முடியாது. ஆகவே 2001ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தில், எழுதியவரின் தகுதியைவிட, எழுதப்பட்டதை வாசகர் தாமே சரிபார்த்துக்கொள்ள முடிகிறதா என்பதே முதன்மையாகப் பார்க்கப்படுகிறது. பேராசிரியரானாலும் பள்ளி மாணவரானாலும் இந்த விதி ஒன்றுதான். பதிப்பாசிரியர் பார்வைக்குப் பின் வெளிவந்த நூல், ஆய்விதழ், நாளிதழ் போன்றவை சான்றாக ஏற்கப்படும். சொந்த வலைப்பதிவும், விக்கிப்பீடியாவின் வேறொரு கட்டுரையும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. உங்கள் அனுபவத்தில் நீங்களே கண்டறிந்த செய்தியாக இருந்தால், அது முதலில் வேறோரிடத்தில் அச்சேறியிருக்க வேண்டும்.

இனி, அக்கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென உள்ள பேச்சுப் பக்கத்துக்குச் சென்று, எந்த வரிக்கு எந்த நூலின் எந்தப் பக்கம் ஆதாரம் என்பதை எழுதி, இறுதியில் நான்கு அலைக்குறிகளை (~~~~) இடுங்கள். உங்கள் பயனர் பெயரும் நேரமும் தாமாகவே பதிவாகும். நீக்கியவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்று எடுத்துக்கொண்டு எழுதுவது அங்கே எல்லோரிடமும் எதிர்பார்க்கப்படும் மரபு. சில நாள்கள் காத்திருங்கள். அங்கே இருப்பவர்கள் ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள். அதை விடுத்து நீங்கள் சேர்க்க அவர் நீக்க என்று தொடர்ந்தால், யார் பக்கம் நியாயம் இருந்தாலும் அது தொகுப்புப் போராகவே கொள்ளப்படும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தங்களை நீக்கி முன்பிருந்தபடி மாற்றுபவரின் கணக்கு தடுக்கப்படலாம்.

உடன்பாடு ஏற்பட்டபின் அரைப் பக்கத்தையும் ஒரே மூச்சில் இடாமல், சிறுசிறு பகுதிகளாகச் சான்றோடு சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரியில் சொல்லும் தொகுப்புச் சுருக்கம் எழுதுங்கள். ஒரு வரியில் ஐயம் எழுந்தால் அந்த வரி மட்டுமே போகும், மற்றவை தப்பிக்கும்.

கேள்வி: நான் பணியாற்றும் நிறுவனத்தைப் பற்றி நானே கட்டுரை எழுதலாமா?

பதில்: தவிர்ப்பது நல்லது. ஊதியம் பெற்று எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது அத்தளத்தின் பயன்பாட்டு நிபந்தனைகளிலேயே உள்ளது. நிறுவனத்தைப் பற்றி ஏற்கெனவே கட்டுரை இருந்து அதில் பிழை இருந்தால், உங்கள் தொடர்பைச் சொல்லிப் பேச்சுப் பக்கத்தில் திருத்தம் கோருங்கள். தொடர்பில்லாத ஒருவர் பார்த்துச் செய்வார்.