தாத்தாவின் பழைய ரைஃபிளுக்கு லேத் பட்டறையில் புது பேரல் போடலாமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இதுதான்: தாத்தா வைத்திருந்த, இஷாப்பூர் அரசு ஆலையில் செய்த .315 ரைஃபிளில் பேரல் (குழல்) உள்ளே துருப்பிடித்துவிட்டது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, தெரிந்த லேத்காரர் புது பேரல் கடைந்து மரை வெட்டிப் பொருத்தித் தருவதாகச் சொல்கிறார். தயவுசெய்து அவரிடம் கொடுக்காதீர்கள். பாபநாசத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர் மகனாகத்தான் சொல்கிறேன்.

நான் பதினொன்றாவது படிக்கும்போது கொள்ளிடக் கரையிலிருந்து ஒரு மிராசுதார் இதே மாதிரி துப்பாக்கியோடு வந்தார். பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கிய லைசென்ஸ், படுகையில் பன்றித் தொல்லை. அப்பா பம்புசெட் ஷாஃப்டு, டிராக்டர் புஷ் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கடைவார், ஆனால் அன்று அதை வைஸில்கூடப் பிடிக்கவில்லை. "இது நம்ம பட்டறை வேலை இல்லீங்கய்யா, லைசென்ஸ் உள்ள கடைக்குப் போகலாம், நானும் வர்றேன்" என்றார். திருச்சிக்கு நானும் கூடப் போனேன்.

அங்கே பார்த்ததுதான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. கடையில் இருந்த பெரியவர் பேரலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இரண்டு கேஜ் எடுத்தார், நம் பட்டறையில் அளவு சரிபார்க்கும் கோ, நோ-கோ கேஜ் மாதிரியேதான்: கோ கேஜை வைத்தால் போல்ட் மூட வேண்டும், நோ-கோவில் மூடக் கூடாது. போல்ட் என்பது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் தண்டு, அது ஓடும் கூடுதான் பாடி. தோட்டாவின் அடியில் இருக்கும் விளிம்பு பேரலுக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவில் உட்காரும். அந்த இடைவெளிக்குப் பெயர் ஹெட்ஸ்பேஸ். இந்த .315க்கு மூலமான ராணுவ .303 ரைஃபிளுக்கு கோ கேஜ் 0.064 அங்குலம், நோ-கோ 0.074. வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான். இடைவெளி நோ-கோ அளவுக்கு மேல் போனால் சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு பின்னால் இழுபட்டு அறுந்துவிடும், வாயு சுடுபவர் முகத்தை நோக்கி வரும். .303ல் அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 50,000 பவுண்டு. இதைத் தாங்குகிற எஃகு வேறு, நாம் பட்டறையில் வாங்கிப் போடும் சீம்லெஸ் பைப் வேறு. மிராசுதார் துப்பாக்கியில் நோ-கோ கேஜிலும் போல்ட் மூடிக்கொண்டது. அதாவது பேரல் மட்டுமல்ல, போல்ட்டும் பாடியும் தேய்ந்திருந்தன, அதில் புது பேரலை எவ்வளவு இறுக்கிப் பொருத்தினாலும் பயனில்லை. அவர் அங்கேயே ஒப்படைத்துவிட்டு வந்தார்.

இஷாப்பூர் .315 என்பது பழைய லீ-என்ஃபீல்டு ராணுவ ரைஃபிளின் அதே பாடிதான். .303 ராணுவத் தோட்டா என்பதால் சாதாரண லைசென்சில் கிடைக்காது, அதனால்தான் .315 என்று சொல்லும் 8x50 தோட்டாவுக்கு மாற்றிச் செய்தார்கள். போல்ட்டைப் பூட்டும் காதுகள் பின்பக்கம் இருக்கின்றன, போல்ட் தலை தனியாகக் கழலும். லீ-என்ஃபீல்டின் பிந்தைய மாடலான நம்பர் 4 ரைஃபிளில் அந்தத் தலையே 0 முதல் 3 வரை நான்கு அளவில் வரும், ஒன்றை மாற்றி ஒன்று போட்டு இடைவெளியைச் சரிசெய்வார்கள். அப்புறம் பேரல் இறுகி நிற்கும் இடத்தில் முன்சைட் நேர் மேலே நிற்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் குறி பக்கவாட்டில் போகும். மரை வெட்டத் தெரிந்தால் மட்டும் இதெல்லாம் வராது.

துரு ஏன் வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய தோட்டாக்களின் பிரைமரில், அதாவது அடியில் தீப்பற்ற வைக்கும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது, சுட்டபின் உள்ளே உப்பு தங்கும். எண்ணெயில் அது கரையாது, வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து அப்புறம்தான் எண்ணெய் போட வேண்டும். மார்கழிப் பனியில் நம் பக்கத்து வீடுகளில் இரும்பு பூக்கிற வேகம் உங்களுக்கே தெரியும்.

சட்டமும் இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான், அதைச் செய்யவும் பழுதுபார்க்கவும் தனி லைசென்ஸ் வேண்டும். உங்கள் லேத்காரர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் சிறைக்குப் போகிறவர் அவராக இருப்பார்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை, லைசென்ஸ் இப்போது யார் பேரில் இருக்கிறது? தாத்தா பேரிலேயே இருந்து அவர் இல்லையென்றால் பேரல் பேச்சே வேண்டாம், முதலில் ரைஃபிளைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பேரில் லைசென்ஸ் வந்தபின், அந்த டீலரிடமே கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.