நழுவிய தாடையைப் பொருத்திய பிறகும் வலிக்கிறதே, மறுபடி நழுவுமா?

கொட்டாவி விட்டபோது தாடை நழுவியது, மருத்துவர் கையாலேயே பொருத்திவிட்டார், ஆனால் நான்கு நாள் கழித்தும் மெல்லும்போது வலிக்கிறது, இனி வேறு கோளாறு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல் மருத்துவராக இத்தகைய நோயாளிகள் பலரைப் பார்த்திருப்பதால் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயை மெல்லத் திறந்து மூடினால் விரலுக்கடியில் ஏதோ உருள்வது தெரியும். அதுதான் கீழ்த்தாடையின் மூட்டுமுனை. வாய் திறக்கும்போது அது தன் குழியை விட்டு முன்னோக்கி வழுக்கி, எதிரிலுள்ள சிறிய எலும்பு மேட்டின் அடிக்கு வருகிறது. மேட்டைத் தாண்டிப்போய்த் திரும்ப முடியாமல் நின்றுவிட்டால் அதையே நழுவல் என்கிறோம். அந்த நேரத்தில் மெல்லும் தசைகள் வலியால் இறுகி, மூட்டுமுனையை மேட்டுக்கு முன்புறமாகவே மேலே இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. உதடுகள் ஒன்றுசேராததால் நோயாளிக்கு 'அம்மா' என்று சொல்லவும் வராது, எச்சில் வடியும். ஒரு பக்கம் மட்டும் நழுவியிருந்தால் முகவாய் மறுபக்கம் கோணியிருக்கும்.

ஆகவே தாடையை நேராகப் பின்னால் தள்ளினால் பயனில்லை. முதலில் கீழே இறக்கி, மேட்டைத் தாண்டவைத்து, அதன் பிறகே பின்னால் கொண்டுபோக வேண்டும். ஏறத்தாழ கி.மு. 1600-இல் எழுதப்பட்ட எகிப்தியப் பாப்பிரஸ் சுவடி ஒன்றிலேயே, கட்டைவிரல்களை வாய்க்குள்ளும் மற்ற விரல்களை முகவாய்க்கு அடியிலும் வைக்கும் இம்முறை சொல்லப்பட்டிருக்கிறது. நான் பயிற்சிக் காலத்தில் முதன்முறை இதைச் செய்தபோது, கட்டைவிரல்களில் துணி சுற்றியிருந்தும் அவற்றைக் கடைவாய்ப் பற்களின் மேலேயே வைத்துவிட்டேன். 'டொக்' என்று மூட்டு உள்ளே போன அதே கணத்தில் தசைகள் தாடையை மூட, நகம் கறுத்துப்போகும் அளவுக்குக் கடிபட்டேன். இப்போது பற்களுக்கு வெளிப்புறம் உள்ள எலும்பு விளிம்பில்தான் விரலை ஊன்றுகிறேன். தசை இறுக்கம் மிகுந்திருந்தால் மூட்டைச் சுற்றி மரத்துப்போகும் ஊசியோ, தூக்க மருந்தோ தேவைப்படும். இதை வீட்டில் முயன்று பார்ப்பது கூடாது. அடிபட்டதால் நழுவியிருந்தால் எலும்பு முறிவும் சேர்ந்திருக்கலாம் என்பதால், எக்ஸ்ரே எடுக்காமல் கை வைப்பது தவறு.

உங்கள் வலிக்கு வருவோம். மூட்டைச் சுற்றியுள்ள உறையும் நார்களும் இழுபட்டிருப்பதால் சில நாட்கள் வலிப்பது இயல்பு. ஆனால் பற்கள் முன்போல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்காரவில்லை என்றாலோ, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைந்தாலோ, முறிவோ மூட்டினுள் இருக்கும் குருத்துத் தட்டின் இடமாற்றமோ கவனிக்கப்படாமல் போயிருக்கக்கூடும். தாமதிக்காமல் மறுபடி காட்டுங்கள்.

அதிகம் காணப்படும் பின்விளைவு மறுபடி நழுவுவதுதான். இழுபட்ட நார்கள் இறுகுவதற்குள் வாயை அகலத் திறந்தால் அவை தளர்ந்தபடியே ஆறிவிடுகின்றன. இரண்டு மூன்று வாரங்களுக்கு மென்மையான உணவே போதும். ஏறத்தாழ 2 செ.மீ.க்கு மேல், அதாவது ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மேல், வாயைத் திறக்க வேண்டாம். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கையை முட்டுக்கொடுங்கள். வலி குறைந்ததும் நோயாளிகள் முதலில் கைவிடுவது இதைத்தான்.

வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்கான ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் சிலருக்குத் தாடைத் தசைகளை முறுக்கி மூட்டை நழுவச் செய்வதுண்டு. நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காரணம் அதுவானால், தசை முறுக்கத்துக்கு மருந்து தராமல் திரும்பத் திரும்பப் பொருத்திக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

பல வாரங்கள் கவனிக்கப்படாமல் கிடந்த நழுவலில் மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்துவிடும். அதைக் கையால் பொருத்துவது பெரும்பாலும் முடியாது, அறுவைக்கே போக வேண்டியிருக்கும். பல் இல்லாத முதியவர்களிடமும், வாய்விட்டுச் சொல்ல இயலாதவர்களிடமும் இது எளிதில் கண்ணில் படாமல் போகிறது. அடிக்கடி நழுவுகிறவர்களுக்கு அவர்களுடைய இரத்தத்தையே சிறிதளவு எடுத்து மூட்டுக்குள் செலுத்துவது, தாடையை முன்னிழுக்கும் தசையில் அதைத் தளர்த்தும் போட்டுலினம் மருந்தை ஊசியாகப் போடுவது ஆகிய வழிகளை முதலில் பார்ப்போம். அவை பலிக்காதபோதுதான், மூட்டுமுனை தடையின்றித் திரும்பும்படி அந்த எலும்பு மேட்டையே செதுக்கி எடுக்கும் அறுவை. அதில் முகநரம்பின் கிளைகள் அருகிலேயே ஓடுவதால் நெற்றியும் இமையும் தற்காலிகமாகச் செயலிழக்கும் ஆபத்து உண்டு. ஒரே ஒருமுறை நழுவிய உங்களுக்கு இவை எதைப் பற்றியும் இப்போது யோசிக்கத் தேவையில்லை.