சுருக்கத்துக்கு இஸ்திரி போட்டுவிடாதீர்கள், தம்பி

"அண்ணா, அமெரிக்காவில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மேலாளர் வீட்டுத் தோட்டத்தில் விருந்து. அழைப்பில் 'சீர்சக்கர் உடுத்தி வந்தால் மகிழ்ச்சி' என்று போட்டிருக்கிறார்கள். அது சட்டையா, கோட்டா? என்னிடம் இருப்பது நேர்காணலுக்குத் தைத்த கறுப்பு கோட் சூட் ஒன்றுதான். மாடு, பன்றி சாப்பிடமாட்டேன், குடிக்கவும் மாட்டேன். ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்துவிடலாமா? இந்த ஊரில் கோடையில் ஆட்கள் என்னதான் செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போய்விட்டு வாருங்கள் தம்பி. அந்தக் கறுப்பு கோட்டை மட்டும் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள்.

நான் அந்தத் தப்பைச் செய்தவன். இங்கே வந்த முதல் வருடம், ஜூன் மாதம், அலுவலகப் பையன் ஒருவனுக்குக் கல்யாணம். பாசி தொங்கும் பெரிய ஓக் மரத்தடியில், மாலை ஐந்து மணிக்கு. கம்பளி கலந்த கருநீல கோட் சூட் போட்டுக்கொண்டு போனேன். பிறந்தது குடியாத்தம், வேலூர்ப் பக்கத்து வெயிலில் பம்பரம் விட்டவனுக்கு இந்த வெயில் எம்மாத்திரம் என்ற திமிர். கணக்குப்படி பார்த்தால் திமிர் சரிதான். ஜூலையில்கூட இங்கே சராசரி உச்ச வெப்பம் 33 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான். ஆனால் ஆஷ்லி ஆறும் கூப்பர் ஆறும் இரண்டு பக்கம், கடல் முன்னால், சுற்றிலும் சதுப்பு நிலம். நம்மூர் வெயில் சுடும். இது அவிக்கும். வேர்வை வரும், உலராது. மோதிரம் மாற்றுவதற்குள் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

நிழலுக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போய், ஐஸ் போட்ட ஸ்வீட் டீ ஒரு குவளை வாங்கிக் கையில் கொடுத்தவர் எங்கள் அலுவலகத்துப் பெரியவர் ஒருவர். கறுப்பினத்தவர், ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் இருந்தது, தேவாலயத்தில் பொறுப்பில் இருப்பவர். வெள்ளையில் நீலக் கோடு போட்ட கோட்டு, பௌ டை, வைக்கோல் தொப்பி. மனுஷன் முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. "அடுத்த வாரம் என்னோடு கடைக்கு வா" என்றார்.

போனோம், அவர் போட்டிருந்த மாதிரியே ஒரு சீர்சக்கர் கோட்டு வாங்கினேன். சீர்சக்கர் என்பது துணியின் பெயர். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் துணி முழுக்கக் கசங்கி, பொரி பொரியாக இருக்கிறது. பாவம், பெட்டியில் கிடந்து நசுங்கிவிட்டது என்று நினைத்து அரை மணி நேரம் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டேன். திங்கட்கிழமை அவரிடம் பெருமையாகச் சொன்னபோது மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். "நீ காசு கொடுத்ததே அந்தச் சுருக்கத்துக்குத்தான்!"

எனக்கு வெட்கம் இரண்டு மடங்கு. அப்பா கைத்தறிக்காரர். சீர்சக்கர் தறியில் இரண்டு பாவு, அதாவது நீளவாக்கு நூல் வரிசை, ஓடும். ஒன்றை இறுக்கி, இன்னொன்றைத் தளர்த்தி நெய்வார்கள். இறுகிய கோடு தட்டையாக நிற்கும், தளர்ந்த கோடு சுருண்டு மேலெழும்பும். அந்த மேடுதான் துணியை உடம்பில் படியவிடாமல் தூக்கிப் பிடிக்கிறது. நடுவில் காற்று புகுந்து போகிறது. துவைத்து உதறிப் போட்டால் அப்படியே உடுத்தலாம். பெயரே பாரசீகத்திலிருந்து வந்தது: ஷீர் ஓ ஷக்கர், பாலும் சர்க்கரையும். ஒரு கோடு பால் மாதிரி வழுவழு, அடுத்தது சர்க்கரை மாதிரி சொரசொர. இந்தியாவிலிருந்து வணிகக் கப்பலில் போன துணி இது. நம் பக்கத்துச் சரக்கை நமக்கே இங்கே ஒருத்தர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

இதைக் கோட் சூட்டாக ஊரறியச் செய்தவர் நியூ ஆர்லியன்ஸ்காரர் ஜோசப் ஹாஸ்பெல். 1909-இல் தொடங்கிய கடை. அவர் ஃபுளோரிடா கடலில் சூட்டோடு கழுத்தளவு இறங்கி, கரையேறி அதைக் காயப்போட்டு, அன்று இரவு விருந்துக்கு அதையே உடுத்திப் போனார் என்று ஒரு கதை சொல்வார்கள். விளம்பரத்துக்குச் செய்ததாகவே இருக்கட்டும், துணியின் குணம் அதில் தெரிகிறது. முதலில் இது உழைப்பாளியின் மலிவுத் துணி. 1920களில் பணக்காரக் கல்லூரிப் பையன்கள் எடுத்து உடுத்தியபின்தான் மவுசு வந்தது. 1996-இல் மிசிசிப்பி செனட்டர் ட்ரென்ட் லாட், வாஷிங்டனில் ஜூன் மாதத்து வியாழன் ஒன்றில் செனட்டர்கள் எல்லாரும் இதை உடுத்தி வரும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். நடுவில் நின்றுபோய்ப் பிறகு திரும்ப வந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முழு சூட் வேண்டாம், கோட்டு மட்டும் வாங்குங்கள். நீலமும் வெள்ளையும்தான் பழைய வழி. கீழே காக்கி நிறப் பருத்திக் கால்சட்டை, மேலே வெள்ளைச் சட்டை, பழுப்பு லோஃபர். டை கட்டாயமில்லை. லோஃபருக்குள் சாக்ஸ் தெரியக் கூடாது; வெளியே தெரியாத குட்டை சாக்ஸ் விற்கிறார்கள், அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் இந்தப் புழுக்கத்தில் செருப்புக்கடி நிச்சயம். பௌ டை, வைக்கோல் தொப்பி, வெள்ளை மான்தோல் ஷூ எல்லாம் அழகுதான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றினால் நாடகத்துக்கு வேஷம் கட்டியதுபோல் இருக்கும். பிறந்ததிலிருந்து உடுத்துகிறவர்களுக்கே அது பொருந்துவது அபூர்வம். தொப்பி போட்டால் வீட்டுக்குள் நுழையும்போது கழற்றிவிட வேண்டும், இதில் இங்குள்ள பெரியவர்கள் கறார்.

கிங் தெருவும் பிராட் தெருவும் சந்திக்கும் முனையில் பெர்லின்ஸ் என்று 1883 முதல் இருக்கும் கடை ஒன்று உண்டு. வாங்காவிட்டாலும் உள்ளே போய்த் தொட்டுப் பாருங்கள், துணி எப்படி இருக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு பழைய துணிக் கடைகளில் தேடுங்கள். இந்த ஊரில் எடை கூடிப்போன ஆண்கள் விட்டுவிட்ட நல்ல சீர்சக்கர் கோட்டுகள் எனக்கு முப்பது நாற்பது டாலருக்குக் கிடைத்திருக்கின்றன. தோள் மட்டும் சரியாக இருக்கட்டும். கையின் நீளத்தைத் தையற்காரர் பார்த்துக்கொள்வார். பாலியெஸ்டர் கலந்ததை எடுக்காதீர்கள், சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நாள் கணக்கு ஒன்று உண்டு. ஈஸ்டருக்கு முன் இதை உடுத்தமாட்டார்கள், செப்டம்பர் முதல் திங்கள் வரும் தொழிலாளர் தினத்துக்குப் பிறகும் உடுத்தமாட்டார்கள். அக்டோபரிலும் இங்கே வெயில் அடிக்கத்தான் செய்யும். நான் ஒருமுறை அக்டோபரில் போட்டுப் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பேர் "இன்னும் கோடை போல இருக்கிறது, இல்லையா?" என்று மட்டும் கேட்டார்கள். இந்த ஊரில் தப்பைச் சுட்டிக்காட்டுவது இப்படித்தான்.

அந்தக் கிங் தெருவில்தான் இன்னொன்றும் பார்ப்பீர்கள். கட்டம் கட்டமாக, சிவப்பும் பச்சையும் மஞ்சளும், துண்டு துண்டாக வெட்டி ஒட்டுப்போட்ட கால்சட்டை. அதற்குப் பெயர் 'மெட்ராஸ்'. ஆமாம், நம் மெட்ராஸ்தான். சென்னைத் துறைமுகம் வழியாகப் போனதால் வந்த பெயர். முதல் தடவை பார்த்தபோது கடைக்குள்ளேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடியாத்தத்தில் எங்கள் தெரு முழுக்க லுங்கித் தறி. படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். "கிழிஞ்ச லுங்கியை ஒட்டுப்போட்டு வித்துட்டானுங்களா?" என்றார். விலையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. 1960களில் இதைச் சாயம் போகும் என்று உறுதி கொடுத்தே விளம்பரம் செய்து விற்றார்கள். நம்மூரில் சாயம் போனால் ஜவுளிக்கடையில் சண்டை நடக்கும். இங்கே அதுவே பெருமை, ஒவ்வொரு துவையலுக்கும் நிறம் கலந்து புதிதாகிறதாம்.

சிரித்துவிட்டு நகர்ந்துவிட முடியாத பக்கமும் இதற்கு உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்த துணியைக் கப்பலேற்றி, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி வாங்கப்பட்டவர்கள் வந்து இறங்கிய வட அமெரிக்கத் துறைமுகங்களில் பெரியது இந்தச் சார்ல்ஸ்டன். 1740-இல் தென் கரோலினா போட்ட சட்டம், அடிமைகள் என்ன துணி உடுத்தலாம் என்று பட்டியலே கொடுத்தது. முரட்டுத் துணிகளோடு கட்டம் போட்ட பருத்தியும் அதில் இருந்தது. அதே கட்டம் இன்று கோல்ஃப் மைதானத்துப் பணக்காரரின் காலில். கூப்பர் ஆற்றங்கரையில், அந்தக் கப்பல்கள் நின்ற காட்ஸ்டன் துறையிலேயே, 2023-இல் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்தார்கள். கடைக்குப் போகும் வாரமே அதற்கும் ஒருமுறை போய்வாருங்கள்.

எனக்குக் கோட்டு வாங்கித்தந்த பெரியவரின் சிறுவயதில் ஃபாலி கடற்கரையில் கறுப்பினத்தவர் கால் வைக்க முடியாது. அவர்கள் குடும்பம் ஜேம்ஸ் தீவில் உள்ள மஸ்கிட்டோ பீச்சுக்குத்தான் போகும். கொசுக் கடற்கரை என்றே பெயர், அலை இல்லாத சதுப்பு ஓரம். அங்கே பாட்டு, நடனம், வறுத்த மீன். ஞாயிறன்று தேவாலயத்துக்கு மட்டும் அவர் அப்பா மடிப்புக் கலையாத வெள்ளை சூட்டில் கிளம்புவாராம். "வாரம் ஆறு நாள் பார்க்காதவன் ஏழாம் நாள் பார்க்கட்டும் என்றுதான்" என்று இவர் சொன்னார். தெற்கத்தி நாகரிகம் என்று பத்திரிகைப் படங்களில் தோட்ட முதலாளி வீட்டு வெள்ளை ஆண்களைத்தான் காட்டுவார்கள். உடுத்தத் தெரிந்தவர்களை நேரில் பார்க்க வேண்டுமானால் ஞாயிறு பதினோரு மணிக்குக் கறுப்பினத் தேவாலய வாசல் பக்கம் நடந்து போய்ப் பாருங்கள்.

கோடையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்குள்ள பழைய வீடுகள் ஓர் அறை அகலத்தில், தெருவுக்குப் பக்கவாட்டைக் காட்டி நிற்கும். தெற்கு அல்லது மேற்குப் பக்கம் நீளத் தாழ்வாரம், காற்றுக்காக. இவர்கள் அதைப் பியாசா என்பார்கள். நம் திண்ணைதான், மாடியிலும் ஒன்று இருக்கும். கூரையின் அடிப்பக்கம் வெளிர் நீலம் அடித்திருந்தால் வியக்காதீர்கள், பேய் அண்டாமல் இருக்க என்பது கல்லா கீச்சி மக்களின், அதாவது இந்தக் கரையோரம் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்களின், நம்பிக்கை. நம் திருஷ்டிப் பூசணிக்காய்க்கு உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து பியாசாவுக்கு ஒரு கதவு இருக்கும். அது திறந்திருந்தால் வரலாம் என்று பொருள், சாத்தியிருந்தால் தொந்தரவு செய்யக் கூடாது.

மே கடைசியில் ஸ்போலேட்டோ கலைவிழா, 1977 முதல் நடக்கிறது, 17 நாள் ஊரே பாட்டும் நாடகமும். மற்றபடி படகு, மீன்பிடி, சல்லிவன்ஸ் தீவுக் கடற்கரை. மதியம் மூன்று மணிக்கு இடி இடித்தால் எல்லாரும் உள்ளே. ஐந்து மணிக்கு மறுபடி வெளியே. படகுக்குச் சீர்சக்கர் வேண்டாம், மெல்லிய மீன்பிடிச் சட்டை போதும்.

விருந்தில் பெரும்பாலும் லோகன்ட்ரி பாயில் இருக்கும். இறால், சோளக்கதிர், உருளைக்கிழங்கு, சாசேஜ் எல்லாம் ஒரே அண்டாவில் வேகும். வடித்து, செய்தித்தாள் விரித்த மேசையில் கொட்டிவிடுவார்கள், நின்றபடி கையால் சாப்பிட வேண்டும். கையால் சாப்பிட உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அந்த சாசேஜ் பெரும்பாலும் பன்றி, அதே தண்ணீரில்தான் இறாலும் வேகும். கீரையில் பன்றிக்கால் எலும்பு, சிவப்புச் சோற்றில் பன்றிக்கொழுப்பு, பீன்ஸில்கூட இருக்கும். காய்கறி என்று நம்பிக் கை வைக்காதீர்கள். இரண்டு நாள் முன்பே வீட்டம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: "நான் பன்றியும் மாடும் சாப்பிடுவதில்லை, எனக்காகத் தனியாக எதுவும் வேண்டாம்." அவர் கட்டாயம் தனியாக ஒரு கிண்ணம் எடுத்துவைப்பார். குடிப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். கையில் சோடாவும் எலுமிச்சைத் துண்டும் இருந்தால் ஒருவரும் கேட்கமாட்டார். ஸ்வீட் டீ நம் கல்யாண வீட்டுப் பாயசத்துக்கு அண்ணன், பாதிக் குவளை போதும்.

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் கழித்துப் போங்கள், முன்னால் போகாதீர்கள். பெரியவர்களை "யெஸ் சார், யெஸ் மேம்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். வடக்கே அது சிரிப்பாக இருக்கலாம், இங்கே வீட்டுப் பிள்ளைகளே அப்படித்தான் பேசும். வெறுங்கையோடு போகாமல் வழியில் சாலையோரக் கடையில் அவித்த கடலை ஒரு பை வாங்கிப் போங்கள். உப்புத் தண்ணீரில் தோலோடு அவித்தது, நம்மூர் பஸ் நிலையத்து ருசி. 2006 முதல் அதுதான் தென் கரோலினாவின் அதிகாரபூர்வத் தின்பண்டம். வீட்டுக்குள் ஏசியை மிகவும் குளிர வைத்திருப்பார்கள், அதனால் கோட்டை எங்கேயும் கழற்றிப்போட்டு மறந்துவிடாதீர்கள். மறுவாரம் கையால் எழுதி ஒரு நன்றிக் கடிதம், நாலு வரி போதும், தபாலில் அனுப்புங்கள். மின்னஞ்சல் கணக்கில் வராது.

கடை தேட நேரமில்லை என்றால் ஒன்று சொல்கிறேன். அன்று இஸ்திரி போட்டு நான் கெடுத்த அதே கோட்டு இன்னும் இருக்கிறது. ஒரு துவையலில் சுருக்கம் திரும்பி வந்துவிட்டது. அளவு 40. எனக்கு இப்போது வயிற்றில் பொத்தான் சேரவில்லை. உங்களுக்குச் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.